கதவைச் சாத்திய பிறகு கூப்பிடக் கூடாது

எனக்குப் பயம் வந்தால் முதலில் இடது காலுக்குத்தான் தெரியும். மூளைக்குத் தகவல் போய்ச் சேருவதற்குள் அது ஆட ஆரம்பித்துவிடும். கல்யாணத்தன்று மணவறையில் ஆடியது. போட்டோக்களில் எல்லோரும் தெளிவாக இருக்க, என் வேட்டி மட்டும் கலங்கலாக விழுந்திருக்கிறது. பல் பிடுங்கப் போனபோது டாக்டர் குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தார், ஏதோ மோட்டாரை அணைக்க மறந்துவிட்டோமோ என்று. இந்தக் காலைச் சுமந்துகொண்டு ஆறு மணி நேரக் கார் பந்தயம் ஓட்டுகிறேன் என்று சொன்னால், நான் குமாஸ்தாவாக இருக்கும் தல்லாகுளம் வக்கீல் ஆபீசில் இன்றைக்கும் நம்ப ஆளில்லை. "கோர்ட்டுல உன் பேரச் சொல்லிக் கூப்பிட்டாலே ஒனக்கு வேர்க்கும். நீ காரு ரேசு ஓட்டுறியா?" என்று கேட்ட வக்கீல் ஐயா, நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேஸ் கட்டைப் பிரித்துவிட்டார்.

ஓட்டுகிறேன். பயந்துகொண்டே ஓட்டுகிறேன். அணியில் என்னை வைத்திருப்பதே அதற்காகத்தான்.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இரண்டு லாட்ஜுகளுக்கு நடுவே நசுங்கினாற்போல் நிற்பது பாயின் ஒர்க்‌ஷாப். என் மனைவியின் தம்பி அங்கே மெக்கானிக். என் ஸ்கூட்டர் மாதத்தில் பாதி நாள் அங்கேதான் படுத்திருக்கும். அதைப் பார்க்க நானும் போய் உட்கார்ந்திருப்பேன். பாய்க்குச் சின்ன வயதிலிருந்தே பந்தயக் கிறுக்கு. ஒரு காலத்தில் மதுரையில் டாக்டர் வீட்டு வாசல்தோறும் நின்ற ரகத்துச் சின்னக் கார் ஒன்றைப் பிடித்து, சீட்டுகளைப் பிடுங்கிப் போட்டு, உள்ளே இரும்புக் குழாயில் கூண்டு அடித்து, "இதுதான் நம்ம ரேசுக் காரு" என்று சொல்லிவிட்டார். கார் ஒன்றும் மறுத்துப் பேசவில்லை.

ஓட்ட மூன்று பேர் வேண்டும் என்பது போட்டி விதி. ஆறு மணி நேரமும் கார் தாக்குப்பிடித்து ஓட வேண்டும். ஆட்கள் மாறி மாறி ஓட்ட வேண்டும். ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு மணி நேரமாவது ஓட்டியாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த அணி முடித்த கணக்கில் வராது. முதல் ஆள் பாய். இரண்டாவது ஆள் ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் நடத்தும் டீச்சர். ஸ்கூட்டியைச் சர்வீசுக்கு விட வந்தவர், காரைப் பார்த்துவிட்டு, ஒரு தடவை ஓட்டிப் பார்க்கலாமா என்று கேட்டார். பாய் பக்கத்தில் உட்கார்ந்து ரிங் ரோடு வரை போய்வந்தார். திரும்பி வந்து இறங்கியதும் பாய் ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார்: "இவுங்கதான் நம்ம ஆளு."

மூன்றாவது ஆளாக நான் எப்படி வந்தேன்? லைசென்ஸ் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருந்தது, முடியாது என்று சொல்லும் பழக்கம் இல்லாமல் இருந்தது. எனக்குப் பயமாக இருக்கிறது பாய் என்று சொல்லிப் பார்த்தேன்.

"அதுக்குத்தான்யா ஒன்னயக் கூப்புடுறேன். வேகமா ஓட்டுறவன் தெருவுக்குப் பத்துப் பேரு கெடைப்பான். பயந்து ஓட்டுறவன் கெடைக்க மாட்டான். ஆறு மணி நேரம் வண்டி முழுசா இருக்கணும்ல குமாஸ்தா?"

எனக்கு அதில் பெருமை வந்தது. பயத்தைப் பாராட்டி ஒருவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பந்தயம் நடப்பது கொட்டாம்பட்டிப் பக்கம். திருச்சி ரோட்டிலிருந்து விலகி, தரிசுக்கும் சீமைக்கருவேலங்காட்டுக்கும் நடுவே தனியார் ஒருவர் போட்ட தார்த்தடம். சுற்றிலும் வெயிலைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது. மச்சினன்தான் தடத்தை எங்களுக்கு மனப்பாடம் பண்ணிக் கொடுத்தான். ஆரப்பாளையத்திலிருந்து மாட்டுத்தாவணி போகிற டவுன் பஸ் நிறுத்தங்களின் பெயரை வளைவுகளுக்கு வைத்தான். புறப்படும் கோடு ஆரப்பாளையம். முதல் இடது வளைவு சிம்மக்கல். அதற்கடுத்து வலது பக்கம் வெடுக்கென்று ஒடிகிற பொல்லாத வளைவு கோரிப்பாளையம். நீண்ட நேர்ச்சாலை தல்லாகுளம். கடைசியில், வண்டி உள்ளே வந்து ஒதுங்குகிற வழி மாட்டுத்தாவணி; அங்கே போனால் எல்லோரும் இறங்கித்தானே ஆக வேண்டும். அந்த வழி முடிவில் ஒவ்வொரு அணிக்கும் ஒரு தகரக் கொட்டகை. அதற்குப் பிட் என்று பெயர். பெட்ரோல் ஊற்றுவது, டயர் மாற்றுவது, ஆள் மாறுவது எல்லாம் அங்கேதான்.

மற்ற அணிகளிடம் வயர்லெஸ் இருந்தது. எங்களிடம் ஒரு பலகை இருந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெஸ்காரர் வேண்டாம் என்று போட்ட பலகை. ஒரு பக்கம் வெள்ளையடித்து 'வா' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தோம். உள்ளே வரச் சொல்ல வேண்டுமானால் தடத்தோரம் நின்று அதைத் தூக்கிக் காட்ட வேண்டும். மறுபக்கத்தில் மெஸ் எழுத்து அப்படியே இருந்தது: 'இன்று குடல் குழம்பு'.

இனி எங்கள் சட்டத்தைச் சொல்ல வேண்டும். அது நான் போட்ட சட்டம்.

முதல் வருடம் என் முறை வந்தபோது, நான் கதவைச் சாத்திக் கிளம்பி நாலடி போயிருப்பேன். பின்னாலிருந்து பாய், "குமாஸ்தா, தண்ணி குடிச்சியாய்யா?" என்று கத்தினார். கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்று எனக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். கால் ஆட ஆரம்பித்தது. சிம்மக்கல்லிலேயே தடத்தை விட்டு இறங்கி, கருவேலமுள்ளுக்குள் போய் நின்றேன். டயர் இரண்டு போயிற்று. அன்று சாயங்காலம் கோபத்தில் சட்டம் போட்டேன்: காரின் கதவைச் சாத்திய பிறகு யாரும் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, எங்கே போகிறாய் என்று கேட்கக் கூடாது, டிக்கியில் தட்டக் கூடாது. போகிறவரும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'வாரேன்' என்றுதான் சொல்ல வேண்டும்.

யாராவது சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. "எங்க வீட்லயும் அதேதான்யா. நான் செருப்ப மாட்டிட்டா எங்கம்மா ஒரு வார்த்த பேசாது. வீடு தீப்பிடிச்சாலும் பேசாது" என்றார் பாய். டீச்சராவது மறுப்பார் என்று பார்த்தேன். "அறிவியலுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார்" என்றவர், "ஆனாலும் கூப்பிடாம இருக்கிறது நல்லதுதான்" என்று முடித்தார். நால்வரில் சட்டத்தை அதிகமாகக் கடைப்பிடித்தவர் அவர்தான்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இரண்டாம் வருடம் கிளட்ச் போயிற்று. என் தப்பு இல்லை. மூன்றாம் வருடம் நான் பயத்தில் மூன்று தடவை தேவையில்லாமல் பிட்டுக்குள் வந்துவிட்டேன். கருகல் வாடை அடிக்கிறது என்று ஒரு தடவை. பக்கத்துக் கொட்டகையில் யாரோ கடலை வறுத்துக்கொண்டிருந்தார்கள். டிக்கியில் சத்தம் கேட்கிறது என்று ஒரு தடவை. என் பேன்ட் பையில் வீட்டுச் சாவிக்கொத்து. ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்று ஒரு தடவை, அது காற்று. நின்று நின்று ஓடியதில் என்ஜின் சூடேறி மூச்சை விட்டது. அந்த வருடமும் எங்கள் கார் குட்டி லாரியில் ஏறித்தான் மதுரைக்குத் திரும்பியது. ஆறு மணி நேரத்தை ஒரு தடவைகூட நாங்கள் முடித்ததில்லை.

"குமாஸ்தா, இனிமே பயம் வந்தா உள்ள வரப்படாது" என்றார் பாய்.

"பயம் வந்தா என்னதான் பாய் பண்றது?" என்றேன்.

மச்சினன் சொன்னான், "பஸ் ஸ்டாப்பு பேரச் சொல்லிக்கிட்டே ஓட்டுங்க மச்சான். கண்டக்டர் மாதிரி. மனசு அதுல போயிரும்."

பானெட்டில் கை வைத்து வாக்குக் கொடுத்தேன்: வண்டி பழுதானால் வருவேன், பயத்துக்கு வர மாட்டேன். கேட்கச் சுலபமாக இருந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் எப்படிக் கண்டுபிடிப்பது என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

அப்புறம் வந்தது அந்த நான்காவது வருடம். அன்றைக்கு எல்லாம் விசித்திரமாக ஒழுங்காக நடந்தது. பாய் முதலில் ஓட்டினார். டீச்சர் இரண்டாவதாக ஏறி, எங்கள் காரைவிடப் பெரிய கார்களை எல்லாம் கோரிப்பாளையத்தில் உள்பக்கமாக முந்திக்கொண்டிருந்தார். அவர் ஒவ்வொரு தடவை முந்தும்போதும் பாய் கையைத் தட்டினார். நான் கண்ணை மூடினேன். நேரம் குறையக் குறைய எனக்குப் பயம்தான் கூடியது. கெட்டுப்போகிற கார் எனக்குப் பழக்கம். இப்படிச் சமத்தாக ஓடும் காரை நான் அல்லவா வாங்கி ஓட்ட வேண்டும்! முடிய இரண்டு மணி நேரம் இருக்கும்போது டீச்சர் உள்ளே வந்தார்.

அடுத்துப் பிட்டில் நடந்ததை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். இருந்தாலும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பாய் கேனைத் தூக்கிப் பெட்ரோல் ஊற்றி முடித்துத் தள்ளிப் போனதும், மச்சினன் இடது பின்சக்கரத்தைக் கழற்றிப் புது டயர் போட்ட சக்கரத்தை மாட்டினான். நான்கு நட்டையும் கையால் திருகினான். இதற்கு ஒரு முறை உண்டு. ஜாக்கியில் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்போது நட்டைக் கடைசிவரை முறுக்க முடியாது, சக்கரம் கூடவே சுற்றும். காரைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் ஸ்பானரைப் போட்டு, ஏறி மிதித்து இறுக்க வேண்டும். மச்சினன் காரை இறக்கினான். ஸ்பானரை எடுத்தான். அந்த நேரம் பார்த்து, டேங்க் மூடி ஓரமாக வழிந்திருந்த பெட்ரோல் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுவதைப் பாய் பார்த்துவிட்டார். "தம்பி, சாக்கு! சாக்கு!" என்று அலறினார். மச்சினன் ஸ்பானரைக் கீழே போட்டுவிட்டு ஈரச் சாக்கை எடுக்க ஓடினான்.

டீச்சர் என் பக்கம் நின்று பெல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம், கார் ஜாக்கியிலிருந்து இறங்கிவிட்டது என்பதுதான். இறங்கினால் வேலை முடிந்தது என்று அர்த்தம். கதவைச் சாத்தினார். கிளம்பலாம் என்று கூரையில் தட்டினார்.

"வாரேன்" என்றேன் நான். கால் ஏற்கெனவே ஆட ஆரம்பித்திருந்தது.

சாக்கோடு வந்த மச்சினன், கார் இருந்த இடத்தில் ஸ்பானர் மட்டும் கிடப்பதைப் பார்த்தான். நான் இருபதடிகூடப் போகவில்லை. பிட்டுக்குள் யாரும் வேகமாகப் போகக் கூடாது. ஊர்ந்துதான் போக வேண்டும். ஓடிவந்து டிக்கியில் ஒரு தட்டுத் தட்டியிருந்தால் நின்றிருப்பேன். பெயர் சொல்லிக் கத்தியிருந்தால் கண்ணாடியில் பார்த்திருப்பேன்.

"வாயத் தொறந்தேன் மச்சான். சத்தியமாத் தொறந்தேன்" என்றான் பிற்பாடு. "கதவு சாத்தியாச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. அப்புடியே மூடிட்டேன்."

பாய் ஸ்பானரைப் பார்த்தார், மச்சினனைப் பார்த்தார், விஷயம் புரிந்து இரண்டு கையாலும் தம் வாயைப் பொத்திக்கொண்டார். டீச்சர் மட்டும் எனக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்திருக்கிறார், ஒரு சத்தமும் போடாமல். காருக்கு முன்னால் போய் நின்றுவிட்டால் அது பின்னாலிருந்து கூப்பிட்டதாகாது என்பது அவர் கணக்கு. கார் முந்திக்கொண்டது. இப்படியாக என்னைப் பத்திரமாகத் திரும்பிவரச் செய்வதற்காக, மூன்று பேரும் வாயை மூடிக்கொண்டு, கையால் திருகிய நான்கு நட்டோடு என்னைப் பந்தயத்துக்குள் அனுப்பிவைத்தார்கள்.

எனக்கு இது ஒன்றும் தெரியாது. நான் கண்டக்டர் வேலையை ஆரம்பித்திருந்தேன். "சிம்மக்கல், சிம்மக்கல், எறங்குறவங்க முன்னாடி வாங்க." சிம்மக்கல் நல்லபடியாகப் போனது. கோரிப்பாளையத்தில் காரை ஒடித்தபோது பின்பக்கம் ஏதோ ஒரு சின்ன 'டொக்'. தல்லாகுளம் நேர்ச்சாலையில் மிதித்தபோது இருக்கை லேசாக நடுங்கியது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. இடது கால் இன்றைக்கு இருக்கையையே ஆட்டுகிற அளவுக்கு முன்னேறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

சுற்று முடிந்து கொட்டகைகளைத் தாண்டும்போது, தடத்தோரச் சுவரில் மச்சினன் பலகையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக் குதித்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாய் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார். நான் பலகையைப் படித்தேன்.

இன்று குடல் குழம்பு.

படபடப்பில் பலகையைத் திருப்பிப் பிடித்துவிட்டான். அது எனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தைரியம் சொல்லத்தான் இந்தக் கூத்து என்று நினைத்தேன். நம்ம பயலுக என்று மனசுக்குள் உருகி, கட்டை விரலைத் தூக்கிக் காட்டிவிட்டு இன்னொரு சுற்றுக்குப் போனேன். என் கட்டை விரலைப் பார்த்ததும் பாய் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

இரண்டாவது சுற்றில் எனக்குச் சிரிப்பு நின்றது.

சிம்மக்கல் தாண்டியபோதே நடுக்கம் இடுப்புக்கு ஏறிவிட்டது. கோரிப்பாளையத்தில் 'டொக்' இல்லை. 'டொக் டொக் டொக்' என்று யாரோ பின்பக்கத்துக் கதவைத் தட்டுகிற மாதிரி வந்தது. கார் வலப்பக்கம் திரும்ப, பின்பாதி மட்டும் ஒரு கணம் தாமதித்து, வேண்டாவெறுப்பாகக் கூட வந்தது. வாயில் 'தல்லாகுளம்' வரவில்லை.

இது நானா, காரா?

பயம் என்றால் இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வருகிற ஆபத்தைப் பார்த்துப் பயப்படுவது ஒன்றுமே இல்லை. வாழ்நாள் முழுக்க எதற்கெடுத்தாலும் பயந்தவன், நிஜமாகவே பயப்பட வேண்டிய நேரத்தில் தன் பயத்தைத் தானே நம்ப முடியாமல் உட்கார்ந்திருக்கிறானே, அதைத்தான் சொல்கிறேன். உள்ளே போய், ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டால்? மறுபடியும் சாவிக்கொத்து, மறுபடியும் கடலை. நாலு வருட உழைப்பைத் தொடைநடுங்கி ஒருவன் கெடுத்தான் என்று ஆகும். உள்ளே போகாமல், ஏதாவது இருந்துவிட்டால்? கோரிப்பாளையத்துக்கு வெளியே தடுப்புச் சுவர் இருந்தது. அதில் பழைய டயர்களை அடுக்கி, மேலே மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த மஞ்சள் எனக்கு அன்றைக்கு ரொம்பத் துல்லியமாகத் தெரிந்தது. மனைவி காலையில் கட்டிக்கொடுத்த புளிசாதம் கொட்டகையில் அப்படியே இருப்பதும், மச்சினன் அதை எப்படி அக்காவிடம் திருப்பிக் கொடுப்பான் என்பதும்கூட ஞாபகம் வந்தது.

பின்னாலிருந்து ஒரு பெரிய கார் ஹாரன் அடித்துக்கொண்டு கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் முந்திப் போனது. அந்தக் காற்றில் எங்கள் கார் ஒரு தடவை ஊஞ்சலாடியது. "ஆத்தா" என்று கத்தினேன். ஹெல்மெட்டுக்குள் அது எனக்கே திரும்பக் கேட்டது.

கடைசியில் ஒன்று செய்தேன். நேர்ச்சாலையில் இடது காலைத் தரையிலிருந்து தூக்கி அந்தரத்தில் வைத்துக்கொண்டேன். அது தன் பாட்டுக்குத் தையல் மெஷின் மாதிரி ஆடியது. இருக்கையும் ஆடியது. ஆனால் இரண்டும் ஒரே ஆட்டம் இல்லை. இருக்கையின் ஆட்டம் கனமாக, கிரைண்டர் சுற்றுகிற மாதிரி இருந்தது. மெதுவாகக் காரின் வேகத்தைக் குறைத்தேன். இருக்கையின் ஆட்டமும் மெதுவானது. கால் இன்னும் வேகமாக ஆடியது.

அப்போ ரெண்டு பேர் நடுங்குறோம், என்று புரிந்தது. என்னைத் தவிர இன்னொருவனும் இந்தக் காரில் பயந்துபோயிருக்கிறான்.

பந்தயம் நடக்கிற தடத்தில் மெதுவாகப் போவது வேகமாகப் போவதைவிடப் பயங்கரம். ஒவ்வொரு காரும் கண்ணாடியில் கொசு மாதிரித் தோன்றி, எருமை மாதிரி ஆகி, பக்கத்தில் இடி மாதிரிப் போனது. நான் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, ஸ்டியரிங்கை முட்டையைப் பிடிக்கிற மாதிரிப் பிடித்து, சொல்லிக்கொண்டே வந்தேன்: "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி." இடையில் எந்த நிறுத்தமும் இல்லை.

உள்வழியில் திரும்பிப் பிட்டுக்குள் ஊர்ந்து, எங்கள் கொட்டகைக்குப் பக்கத்தில் வந்து பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது. நின்ற காரின் பின்பக்கம் ஒரு முனகலோடு இடதுபுறமாக உட்கார்ந்தது. பக்கத்தில் ஏதோ கறுப்பாக நகர்ந்ததைப் பார்த்தேன். எங்கள் சக்கரம். அது என்னைத் தாண்டி, அவசரம் எதுவும் இல்லாமல், பிட் வழியாக முன்னால் உருண்டு போய்க்கொண்டிருந்தது. அன்றைக்குத் தடத்தில் என்னை முந்தாத ஒரே பொருள் அதுதான், அதுவும் முந்திவிட்டது.

"தள்ளுங்க! தள்ளுங்க!" என்று பாய் கத்தினார். வாயைப் பொத்திய கைகளை அவர் அப்போதுதான் எடுத்தார் என்று நினைக்கிறேன். ஆட்கள் சிதறினார்கள். சக்கரம் யார் மேலும் படாமல், அடுத்த அணிக்காரர்கள் அடுக்கியிருந்த மணல் மூட்டையில் முட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, நாணயம் விழுகிற மாதிரிப் படுத்தது.

நான் பெல்ட்டை அவிழ்க்கப் பார்த்தேன், விரல்கள் கேட்கவில்லை. டீச்சர்தான் அவிழ்த்துவிட்டார். அவரும் முதலில் தப்பான பெல்ட்டைத்தான் இழுத்தார். அதைப் பார்த்ததில் எனக்குக் கொஞ்சம் நிம்மதி.

மச்சினன் டயர் குவியலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிட்டான். எல்லாவற்றையும் அங்கிருந்தே விக்கி விக்கிச் சொன்னான். "அக்கா மொகத்துல எப்புடி முழிப்பேன் மச்சான்? ஒங்க மேல ஒரு கீறல் விழுந்திருந்தா நான் எங்கிட்டுப் போவேன்?"

"மாப்ள, அதான் விழலேல்ல. எந்திரி."

"இருபதடி. எட்டித் தட்டிருக்கலாம். நீங்க போட்ட சட்டத்த நெனச்சு..."

"சட்டம் போட்டவன் மேல மொதல்ல கேஸப் போடு" என்றார் பாய். கோபமா கேலியா என்று தெரியாத குரல். "யோவ் குமாஸ்தா, ஏன்யா அந்தக் கட்ட வெரல ஆட்டுன?"

"குடல் குழம்புன்னு போட்டிருந்துச்சு பாய். நல்ல சேதிதானேன்னு நெனச்சேன்."

டீச்சருக்குச் சிரிப்பு பீறிட்டது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்கப்புறம்தான் மச்சினன் எழுந்து வந்தான்.

சக்கரம் மாட்டுகிற போல்ட்டுகளில் இரண்டின் மரை தேய்ந்துபோயிருந்தது. பாய் சுத்தியலால் அவற்றைத் தட்டி எடுத்துவிட்டுப் புதிது அடித்தார். அதற்கே முக்கால் மணி நேரம் போயிற்று. மச்சினன் நட்டுகளை இறுக்கினான். பாய் ஒரு தடவை இறுக்கினார். டீச்சர் ஸ்பானரை வாங்கித் தானும் ஒரு தடவை ஏறி மிதித்தார். போட்டி அலுவலர் ஒருவர் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று தலையாட்டினார். போக வேண்டியது யார் என்பதுதான் பாக்கி.

முடிய ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. நான் இரண்டே சுற்றுதான் ஓட்டியிருக்கிறேன். நான் ஒரு மணி நேரத்தை ஓட்டாவிட்டால், டீச்சர் போய் எல்லோரையும் முந்தினாலும் நாங்கள் முடித்த கணக்கில் வர மாட்டோம். எல்லோருக்கும் அது தெரியும். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பாய் மேகமே இல்லாத வானத்தைப் பார்த்தார். டீச்சர் தம் கையுறையில் ஒரு நூலைத் தேடிக்கொண்டிருந்தார்.

"வேணாம் சார்" என்றார் கடைசியில், நூலைப் பார்த்தபடியே. "அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

நான் உட்கார்ந்திருந்த பெயின்ட் டப்பா தரையில் தடதடவென்று தட்டிக்கொண்டிருந்தது. கால்தான். எழுந்தால் நிற்கும் என்று எழுந்தேன், நிற்கவில்லை. வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுக்குப் போனால் சாயங்காலம் அந்தச் சக்கரம் எனக்குள்ளே உருண்டுகொண்டே இருக்கும் என்றும் தோன்றியது. அதைவிட இது ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும்.

ஹெல்மெட்டை மாட்டினேன். பாய் வந்து என் முதுகில் கையை வைத்தார், எடுத்தார்.

டீச்சர் பெல்ட்டை இறுக்கினார். கதவைச் சாத்தினார். கூரையில் தட்டவில்லை. நான் ஜன்னல் வலைக்குள்ளிருந்து கத்தினேன்:

"மாப்ள! நான் நகந்ததும் என்னயப் பின்னாடிருந்து கூப்புடு."

மச்சினன் முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், என்ன வெளையாடுறீங்களா?"

"கூப்புடுறா. கூப்புட்டாத்தான் போவேன்."

"எனக்கு வாய் வராது மச்சான். அக்காவுக்குத் தெரிஞ்சா..."

"கூப்புட வேண்டிய நேரத்துல கூப்புடாமத்தான இம்புட்டும் ஆச்சு. கத்து. என்னத்தயாச்சும் கத்து."

கியரைப் போட்டேன். கார் நகர்ந்தது. ஐந்தடி, பத்தடி. ஒன்றும் கேட்கவில்லை. சரி, பயல் கூப்பிட மாட்டான் என்று நினைத்தபோது, உடைந்துபோன குரலில், எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கேட்கக் கூடாத அந்தக் கேள்வி பின்னாலிருந்து வந்தது:

"மச்சான்! எங்க போறீங்க?"

பிரேக்கை மிதித்தேன். கண்ணாடியில் பார்த்தேன். மூன்று பேரும் காரின் பின்பக்கத்தையே பார்த்தபடி நின்றார்கள். மச்சினன் ஓடிவந்து குனிந்தான், நட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் தொட்டான், நிமிர்ந்தான், டிக்கியில் படார் என்று ஒரு தட்டுத் தட்டினான். இன்றைக்கும் எங்கள் அணியில் இதுதான் வழக்கம். கதவைச் சாத்தியதும் ஒருவர் பின்னாலிருந்து கத்திக் கூப்பிட வேண்டும், ஓட்டுநர் நின்று திரும்பிப் பார்க்க வேண்டும், டிக்கியில் தட்டிய பிறகுதான் நகர வேண்டும். நேரம் வீணாகிறது. மற்ற அணிக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வருகிறார்கள்.

அந்த ஒரு மணி நேரம் முழுக்கப் பயந்தேன். தைரியம் எந்த வளைவிலும் வந்து ஏறவில்லை. ஒவ்வொரு கோரிப்பாளையத்திலும் அந்த 'டொக்'குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு, அந்த மஞ்சள் டயர்களைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, வாய் உலர உலர நிறுத்தங்களின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓட்டினேன். எல்லோரும் என்னை முந்தினார்கள், சிலர் இரண்டு தடவை. பலகை எதுவும் தெரியவில்லை. அதைப் பாய் எங்கோ ஒளித்துவைத்துவிட்டாராம். கடைசியில் புறப்படும் கோட்டில் ஒருவர், பந்தயம் முடிந்தது என்று காட்டும் கட்டம் போட்ட கொடியை ஆட்டினார். எனக்குத்தான் ஆட்டுகிறார் என்று புரிய ஒரு கணம் ஆனது. எங்களுக்குப் பின்னால் ஒரு காரும் இல்லை.

கொட்டகைக்கு வந்து என்ஜினை அணைத்தேன். மச்சினன் முதலில் சக்கரத்தைத் தொட்டான், அப்புறம்தான் என்னை. பாய் யாரையோ கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அது பக்கத்து அணிக்காரர். நான் ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தேன். இருக்கை ஆடிக்கொண்டே இருந்தது.

"டீச்சர், வண்டி இன்னும் ஆடுது. ஏதோ லூசா இருக்கு."

அவர் காரின் கூரையில் உள்ளங்கையை வைத்து, வகுப்பில் சோதனை செய்கிற முகத்தோடு கொஞ்ச நேரம் நின்றார்.

"வண்டி ஆடல சார்" என்றார். "எறங்குங்க."

இறங்கினேன். நிற்க முடியவில்லை. மச்சினன் பெயின்ட் டப்பாவை எடுத்துப் போட்டான். புளிசாதத்தைப் பிரித்து என் மடியில் வைத்தான். பாதிக்கு மேல் கீழேதான் சிந்தியது.